இரண்டு சைக்கிளும் துர்காதேவியும்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் சத்தம் வரும், காரணம் அப்புறம்தான் வரும் என்று என் மனைவி துர்காதேவி சொல்வாள். மறுக்கமாட்டேன். தை மாதம் எங்கள் வீட்டில் நடந்த சைக்கிள் பஞ்சாயத்தில் என் சத்தம்தான் ஜெயித்தது. அது எப்படி ஜெயித்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

துர்கா ராமநாதபுரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் சென்டரில் டெக்னீஷியன். மூன்று வருடம் பகல் வேலை பார்த்தாள். ஜனவரியில்தான் நிரந்தரமாக்கி, காலை ஷிஃப்டைக் கொடுத்தார்கள். ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். அப்போதுதான் மிஷின்களைக் கழுவித் தயார் செய்து ஏழரைக்கு முதல் நான்கு நோயாளிகளை மிஷினில் ஏற்ற முடியும். முதல் செட் தள்ளிப்போனால் அடுத்த செட்டும் தள்ளும். கடைசியில் ஏறும் கிராமத்து ஜனங்கள் இராத்திரி பஸ்ஸை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் இன்சார்ஜ் காலிதா மேடம் கறாரான ஆள். மாதத்தில் மூன்று தடவை லேட்டானால் மாலை ஷிஃப்டுக்கு மாற்றிவிடுவார். மாலை ஷிஃப்ட் முடியும்போது மணி பத்தரை. அந்நேரம் எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் கிடையாது. ஆக, மாலை ஷிஃப்ட் என்றால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்று அர்த்தம்.

எங்கள் ஊர் திருப்புல்லாணியைத் தாண்டி, கீழக்கரை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கண்மாயைச் சுற்றி நாலு கிலோமீட்டர் போனால்தான் மெயின் ரோடு. ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போன காண்ட்ராக்டர் இரண்டு வருடமாகத் திரும்பி வரவில்லை. மெயின் ரோடு ஏறிவிட்டால் ராமநாதபுரம் பதினாலு கிலோமீட்டர், நல்ல தார். காலையில் முதல் பஸ் ஆறே முக்காலுக்குத்தான் எங்கள் ஊர்ப் பாதை பிரியும் விலக்குக்கு வரும். அதை நம்பினால் ஏழே காலுக்கு மேல்தான் போய்ச் சேரலாம்.

வீட்டில் ஒரே மோட்டார் சைக்கிள். ஆறு மணிக்கு அதில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு நான் சொசைட்டிக்குப் போக வேண்டும். ஒரு நாள் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "ஒரு நாள் விடுவீங்க. ஆயுசுக்கும் விடுவீங்களா?" என்று கேட்டாள். விடிவதற்கு முன்னால் கிளம்பவும் வழியில்லை, கண்மாய்க் கருவேலங்காட்டில் பன்றி நடமாட்டம். ஐந்து ஐம்பதுக்கு முன்னால் அவளை அனுப்ப எனக்குத் தைரியம் கிடையாது.

அவளிடம் இருந்தது, ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள். காலை ஷிஃப்ட் தொடங்கிய இரண்டாவது வாரமே அதன் பார் துருப்பிடித்து இற்று முறிந்தது. அன்று சனிக்கிழமை, முதல் லேட்.

அன்று மாலையே திருப்புல்லாணி பஜாரில் இருக்கும், என்னோடு படித்த தவ்ஃபீக்கின் சைக்கிள் கடைக்குப் போனோம். அங்கே இரண்டு சைக்கிள் கண்ணில் பட்டன. ஒன்று மவுண்டன் பைக். கைத்தடிமனுக்கு டயர், முன்னால் ஸ்பிரிங், பார்த்தாலே எருமைக்கடா. எனக்கு உடனே பிடித்துவிட்டது. இன்னொன்று ரோடு பைக். உச்சிப்புளியில் வேலை பார்த்து மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி விற்றுவிட்டுப் போனது. விரல் தடிமனுக்கு டயர், கிடாய்க்கொம்பு போல வளைந்த ஹேண்டில் பார். துர்கா அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள்.

"எவ்வளவுண்ணே இருக்கும் வெயிட்டு?"

"ஒம்பது கிலோ தங்கச்சி. அங்கன நிக்கிறது பதினாறு."

"நம்ம ரோட்டுக்கு இதெல்லாம் தாங்காது துர்கா" என்றேன், மவுண்டன் பைக்கின் டயரைத் தட்டிக்கொண்டே. "ஜல்லியில ஏத்துனா இது நிக்கும். அது நொறுங்கிப் போகும்."

"ஜல்லி நாலு கிலோமீட்டருங்க. தாரு பதினாலு. நாலுக்காகப் பதினாலயும் எருமைமாட்டு மேல போகச் சொல்றீங்களா?"

"நாலத் தாண்டினாத்தானடி பதினாலு!"

கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் என் சத்தம். தவ்ஃபீக் சிரித்துக்கொண்டே, "ரெண்டையும் கொண்டுபோங்க மாப்ளே. தங்கச்சி ஓட்டிப் பாக்கட்டும். எது சரிப்படுதோ அதுக்கு நாளைக்கில்லாம அடுத்த ஞாயித்துக்கெழம சாயந்தரம் பில்லப் போடுவோம்" என்றான். எங்கள் கூச்சல் கடையை விட்டுப் போனால் போதும் என்று நினைத்தானோ என்னவோ.

திங்களும் செவ்வாயும் மவுண்டன் பைக்கில் போனாள். ஜல்லியில் அது ராஜாவாகத்தான் போனது. ஆனால் மெயின் ரோட்டில் வாடைக்காற்று எதிரே நின்றது. தை மாதத்தில் விடியற்காலை வடக்கேயிருந்து வீசும் காற்று, ராமநாதபுரம் போகிறவர்களின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். தடித்த டயர் ரோட்டைப் பிடித்துக்கொள்ள, நிமிர்ந்து உட்கார்ந்தவளைக் காற்று பிடித்துக்கொள்ள, இரண்டு நாளும் ஆறு ஐம்பத்தெட்டு, ஆறு ஐம்பத்தொன்பது என்று மயிரிழையில் போய்ச் சேர்ந்தாள். மத்தியானம் வீடு திரும்பியதும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை ரோடு பைக். ஜல்லியில் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டுதான் போனாளாம். அப்படியும் ஆறு ஐம்பதுக்கு உள்ளே போய்விட்டாள். அன்று வீட்டுக்கு வந்தவளின் முகத்தை நான் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்தது கொஞ்சம்தான்.

"ஏங்க, குனிஞ்சு அந்தக் கொம்பப் பிடிச்சா காத்து மேல போயிருது. நாம அடியில போறோம். ஒரு மிதி மிதிச்சா பத்தடி ஓடுது. கூரியூர்க்கிட்ட ஒரு மோட்டார்காரன் கொஞ்ச தூரம் என் கூடவே வந்து பாத்துட்டுப் போறான்!"

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பெருமை அவளைப் பற்றி. எரிச்சல், நான் சொன்னது பொய்யாகப்போகிறதே என்று.

அன்றைக்குத்தான் என் நெல்லும் ரோட்டுக்கு வந்தது. எங்கள் ஊரில் அறுவடை முடிந்தால் நெல் காய்கிற இடம் ரோடுதான். எங்கள் ஊர்ப் பாதையில் மெயின் ரோட்டை ஒட்டினாற்போல் அரை கிலோமீட்டருக்குத் தார் மிச்சம் இருக்கிறது, ஊரே அங்கேதான் பரப்பும். இருட்டினால் நெல்லைக் கூட்டிப் படுதா போட்டு மூடி, ஓரத்தில் கருவேல முள்ளை வெட்டி அரணாக வைத்துவிட்டு வருவோம். லாரி ஏறாது, மாடு வாய் வைக்காது. முள்ளை வைத்தால் காற்று இழுக்காமல் அதன் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைக்க வேண்டும். எல்லோரும் வைப்பார்கள். நான் அன்று வைக்கவில்லை. இடுப்பு வலி, சோம்பல், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஆறேகாலுக்கு நான் சொசைட்டியில் நிற்கும்போது போன் வந்தது. இரண்டு டயரும் பஞ்சர். சைக்கிளை விலக்கில் இருக்கும் டீக்கடையில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றாள். குரலில் அழுகை இல்லை, அது இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலை. அன்று ஏழு இருபதுக்குப் போனாள். இரண்டாவது லேட்.

பால் ஊற்றிவிட்டு நெல்லைப் பார்க்கப் போனேன். என் முள் என் படுதா ஓரத்தில் இல்லை. வாடைக்காற்று இழுத்துவந்து ரோட்டின் நடுவில் போட்டிருந்தது. அதன் மேல் மெல்லிய டயர் ஏறிப்போன தடம். ஒடிந்த முள் சிதறிக் கிடந்தது. மற்றவர்களுடைய முள் எல்லாம் கல்லுக்குக் கீழே சொன்னபடி கிடந்தது. நான் அதை இழுத்து ஓரத்தில் போட்டு, ஒரு கல்லையும் தூக்கி வைத்தேன். வைத்துவிட்டு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

மத்தியானமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் துர்கா வாசலுக்கு வந்ததும் என் வாய் வேறு வேலை பார்த்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல! சவ்வு மாதிரி டயரை வச்சுக்கிட்டு நம்ம ஊருல ஓட்ட முடியுமா? எருமையாம் எருமை. அந்த எருமையில போயிருந்தா இன்னைக்கு லேட்டாயிருக்குமா?"

எந்த டயராக இருந்தாலும் அந்த முள் ஏறியிருக்கும். அது எனக்குத் தெரியும். சத்தம் போட்டது அதனால்தான்.

அவள் பையை மாட்டிவிட்டு, முகம் கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "நீங்க சொன்னதுதான் சரி போல. ரெண்டு லேட்டாயிருச்சு. இனி வெளாட முடியாது. அந்தப் பெருசையே எடுத்துக்கிருவோம்."

ஜெயித்துவிட்டேன். இவ்வளவு அசிங்கமாக நான் எதிலும் ஜெயித்ததில்லை.

வெள்ளியும் சனியும் மறுபடி மவுண்டன் பைக். காற்று இன்னும் கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை சரியாக ஏழு. சனிக்கிழமை ஆறு ஐம்பத்தொன்பது, அதுவும் சென்டர் வாசலில் வாந்தி எடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அதை அவள் சொல்லவில்லை. அவளோடு வேலை பார்க்கும் சிநேகா என்ற பெண் போன் செய்து, "அண்ணே, அக்காவ காலையில ஏதாச்சும் சாப்புட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றபோதுதான் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு வருவதற்கு அவளுக்கு ஏது நேரம்? ஒரு நிமிஷம் பிசகினால் வேலை போய்விடும் என்று ஒருத்தி தினமும் காற்றோடு மல்லுக்கட்டுகிறாள். அவளை அப்படி மல்லுக்கட்ட வைத்த நானோ கயிற்றுக்கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் முன்னால் போய் நின்றேன். பஞ்சர் ஒட்டிய ரோடு பைக்கைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"துர்கா, அந்த முள்ளு என்னோடது."

"எந்த முள்ளு?"

"வியாழக்கிழம ஏறுனது. கல்லு வைக்காம வந்துட்டேன். காத்து இழுத்து நடுரோட்டுல போட்டுருச்சு. அன்னைக்கே பாத்துட்டேன்."

துணி நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் வேறு ஏதோ இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா அந்தக் கூப்பாடு போட்டீங்க? இன்னொரு லேட்டு ஆனா எனக்கு வேலையே இல்லன்னு தெரிஞ்சும் ரெண்டு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தீங்க. நான் என் ஒடம்புலதான் தெம்பு இல்லன்னு நெனச்சேன். இந்தச் சைக்கிள நம்புனது என் புத்திகெட்டத்தனம்னு நெனச்சேன்."

"தப்புத்தான்" என்றேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் சொன்னது அன்றைக்குத்தான்.

அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. சைக்கிளைப் பார்த்தாள், பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள், அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது மேல பழுதில்ல" என்றாள், தனக்குள் பேசுகிறவள்போல. எழுந்து கொல்லைப்பக்கம் போய், கண்மாய்க்குக் கீழே அறுவடை முடிந்து கிடக்கும் வயல்களை வெகுநேரம் பார்த்தபடி நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் முதல் வேலையாக என் நெல்லை ரோட்டிலிருந்து அள்ளி மூட்டை கட்டினேன். விளக்குமாறு எடுத்துப் போய் அந்த அரை கிலோமீட்டரையும் கூட்டினேன். பக்கத்து வயல் வீரையா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"ஏலே பாண்டித்துரை, கலெக்டரு வாராரா?"

"என் பொண்டாட்டி வாரா" என்றேன். "ஒன் முள்ளையும் ஓரமா எடுத்து வை." வீரையா சிரித்தான். ஆனால் எடுத்து வைத்தான்.

வீட்டுக்கு வந்தால் துர்கா கொல்லையில் ரோடு பைக்கோடு நின்றாள். பழைய சேலைத் துண்டு ஒன்றை முறுக்கி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். சும்மாடு. தலையில் கட்டு சுமக்கிறவர்கள் அடியில் வைத்துக்கொள்வது.

"எதுக்குடி?"

"ரோடு கண்மாயச் சுத்திப் போகுது, நாலு கிலோமீட்டரு. வரப்பு நேராப் போகுது. ஒன்றரைதான். வரப்புல எந்தச் சைக்கிளும் ஓடாது. ஆனா இத நான் ஓட்டப்போறதில்லயே, தூக்கத்தான போறேன்."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது. "பொம்பள நீ எதுக்குத் தூக்கணும், நான் தெனமும் மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டு வாரேன், கொடு" என்று வாங்கித் தோளில் மாட்டினேன். நாற்பதடி நடந்திருப்பேன். பெடல் விலாவில் இடித்தது, முன்சக்கரம் தானாகத் திரும்பி முழங்காலைத் தட்டியது. ஒரு கையால் அதைப் பிடிக்கப் போய் வரப்பு வழுக்கி, சேற்றில் உட்கார்ந்தேன். சைக்கிளை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தேன், அதையாவது சொல்லிக்கொள்ள வேண்டும்.

துர்கா வந்து சைக்கிளை வாங்கி, ஹேண்டில் பார் திரும்பாமல் முன்சக்கரத்தை ஒரு துணியால் கட்டினாள். சும்மாட்டைத் தலையில் வைத்து, சைக்கிளைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டுத் தூக்கி, பார் சரியாகச் சும்மாட்டின் நடுவில் பொருந்துமாறு ஏற்றினாள். ஒரு கை மேலே, ஒரு கை சும்மா. நடந்தாள்.

அவள் கூலிக்கு அறுப்புக்குப் போன வீட்டுப் பெண். படிக்கும்போதே லீவு நாளெல்லாம் அம்மாவோடு போய், இருபத்தைந்து கிலோ கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்கு ஓடியவள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அதை யாரும் பேசுவதில்லை. நிலம் வைத்திருக்கும் வீட்டுக்கு அது பெருமையில்லை என்று என் அம்மா நினைத்தாள், நானும் அப்படித்தான் விட்டுவிட்டேன். அந்த நடையை அன்றைக்குத்தான் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே எல்லாம் ஓடுகிறது, கழுத்துக்கு மேலே எதுவும் அசையவில்லை. வாய்க்காலின் குறுக்கே ஒரு பனந்தடி கிடக்கிறது, நான் உட்கார்ந்து நகர்ந்துதான் அதைக் கடப்பேன். அவள் குனிந்துகூடப் பார்க்காமல் ஆறு எட்டில் தாண்டிப் போனாள். தலைக்கு மேல் இரண்டு சக்கரமும் வெயிலில் மினுங்கின. நான் சேற்றிலேயே நின்று பார்த்தேன். இந்தப் பெண்ணைப் பத்து வருடமாக வீட்டில் வைத்துக்கொண்டு, அவளுக்கு எது தாங்கும் எது தாங்காது என்று நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் மீறிச் சந்தோஷமாக இருந்தது.

மெயின் ரோடு வரை போய்த் திரும்பி வந்தாள். போகப் பதினேழு நிமிஷம். "நாளைக்குப் பதினஞ்சு" என்றாள், மூச்சு வாங்காமல்.

"மழ பேஞ்சு வயலு நெறஞ்சா?"

"அப்ப அதுக்கு ஒரு வழி பாப்பேன். நீங்க கத்தாம இருங்க."

சாயங்காலம் தவ்ஃபீக் கடையில் எருமைக்கடாவை நானே ஓட்டிக்கொண்டுபோய் விட்டேன். ரோடு பைக்குக்குப் பில் போடச் சொன்னேன். "ஜல்லியில நொறுங்கிரும்னியே?" என்றான். "ஜல்லியிலயே போகல" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை காலை வாடை ஊளையிட்டது. ஐந்து ஐம்பதுக்கு அவள் சும்மாட்டோடு வரப்பில் இறங்கினாள். மங்கல் வெளிச்சத்தில் ஒரு சைக்கிள் வயலுக்கு மேலே தானாக நகர்ந்து போவது மட்டும்தான் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆறு ஐம்பது. ஏழு. போன் இல்லை. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள். ஏழு ஐந்து. பனந்தடியில் பனி வழுக்கியிருக்குமோ, காற்று சக்கரத்தில் பட்டு அவளைத் தள்ளியிருக்குமோ என்று என்னென்னவோ ஓடியது. ஏழு பத்துக்கு என்னால் முடியவில்லை, கூப்பிட்டேன்.

சிநேகா எடுத்தாள். "அக்கா மிஷின்ல கைய வச்சிருக்காங்கண்ணே."

"எத்தன மணிக்கும்மா வந்தா?"

"ஆறு நாப்பத்தி நாலு. காலிதா மேடமே அக்காவுக்கு அப்புறந்தான் வந்தாங்க. வந்ததும் மொத செட்டச் சீக்கிரமே ஏத்திட்டாங்க, போன் பண்ண நேரமில்ல. இருங்க, போன அக்காகிட்டப் பிடிக்கிறேன், பேசுங்க."

சொசைட்டியில் நான்கு பேர் நிற்கிறார்கள் என்பதே மறந்துவிட்டது.

"துர்கா, நான் இதுவரைக்கும் ஒன்கிட்டச் சொன்னதில்ல. நீ பெரிய ஆளு. ஒன்ன மாதிரி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல."

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு வயசான ஆண் குரல், சிரிப்போடு:

"யாருப்பா அது, வீட்டுக்காரரா? நான் செல்லச்சாமி, மொதப் பெட்டு. போன ஸ்பீக்கர்ல போட்ருக்காக. நீங்க சொன்னத நாங்க மூணு வருஷமா வர்ற நாளெல்லாம் இந்தப் புள்ளகிட்டச் சொல்லிக்கிட்டிருக்கோம். ஒங்களுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சாக்கும்?"

நான்கு படுக்கையிலிருந்தும் சிரிப்பு கேட்டது. அதற்கு நடுவில் துர்கா, "வைங்க, எனக்கு வேல கெடக்கு" என்றாள். ஆனால் அவள் உடனே வைக்கவில்லை.